தொகுப்பில் அகப்பட்ட துலாக் கிணறு

டூட்டிங் புரோட்வே நிலக்கீழ் இரயில் நிலையத்திலிருந்து மிற்சம் வீதி வழியே பத்து நிமிடம் நடந்தால் எமது இளைய சகோதரனின் இல்லத்தை அடையலாம். சில வாரங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிறு காலையில் அவர் எம்மைத் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம் தெரிந்தது.

"அண்ணை, ஒருக்கா வந்து இவனோடை கதையுங்கோ. இரவிரவாகக் கணனி ஓடுது. நூறு கிகாபைற்றுக்கு மேலை என்னவோ இறங்குதாம். களவு வேலை ஏதும் செய்யிறானோ எண்டு பயமாக் கிடக்கு."

"இவன்" என்பது அவரது மகன், எமது பெறாமகன். பதினெட்டு வயது நிரம்பியவன். பல ஆண்டுகள் ஊரில் ஆசிரியத் தொழில் பார்த்தவர் என்ற காரணத்தால், பிள்ளைகள் பற்றிய பிணக்குகள் யாவும் இறுதியில் எம்மிடமே வந்து சேர்கின்றன. அன்று மாலை அங்கு சென்றோம். ஐந்து நிமிடத்தில் அறிவுரை கூறித் திரும்பிவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தோம். திரும்பும்போது இரவு பதினொரு மணி. அறிவுரை கூறச் சென்ற நாம் பாடம் கேட்டுத் திரும்பினோம். இவ்வாறான வீடுகள் எம்மவர் மத்தியில் பல இருக்கும் என்பதால் அங்கு அறிந்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

விளையாட்டும் சேர்க்கைகளும்

அவன் விளையாடுவது 'ஸ்கைரிம்' என்னும் கணனி விளையாட்டு. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11ஆம் திகதி வெளியிட்டது. விளையாடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, பனிபடர்ந்த கற்பனை நாடொன்றில் தம் விருப்பப்படி அலைந்து, போரிட்டு, பேசி, வாழ்ந்து கதையை நகர்த்துவதே இவ்வகை விளையாட்டின் இயல்பு.

இந்த விளையாட்டு இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருப்பதற்கு அதனை உருவாக்கிய நிறுவனம் மாத்திரம் காரணமன்று. இதே வரிசையில் 2002இல் வெளிவந்த 'மொரோவின்ட்' விளையாட்டுடனேயே, அதனை மாற்றியமைக்கும் கருவியையும் அந்நிறுவனம் பாவனையாளர்களுக்கு வழங்கியது. ஸ்கைரிமுக்கான கருவி 2012 பெப்ரவரியில் வெளிவந்தது. அன்று முதல் உலகெங்கிலும் உள்ள ஆர்வலர்கள் புதிய ஊர்களையும், உடைகளையும், மரங்களையும், உரையாடல்களையும், பிழைதிருத்தங்களையும் ஆக்கி, ஊதியம் எதிர்பாராது பொதுவில் வைத்து வருகின்றனர். இவற்றை இளைஞர்கள் 'மொட்' என்று அழைக்கின்றனர். நாம் இங்கு 'சேர்க்கை' என்போம்.

எமது ஊர்களில் காத்தவராயன் கூத்து ஆடப்பட்டதை நினைத்துப் பார்த்தால் இது இலகுவில் விளங்கும். கதை ஒன்றே. ஆயினும் ஒவ்வோர் ஊர் அண்ணாவியாரும் தம் பங்கிற்கு ஒரு பாட்டையோ ஒரு பகிடியையோ சேர்த்திருப்பார். அடுத்த ஊர்க்காரர் அது பிடித்திருந்தால் எடுத்துக்கொள்வர்.

இச்சேர்க்கைகள் யாவும் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிடவும் கூடாது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் பியர்ஸ் என்னும் முன்னாள் சட்டத்தரணி 2015இல் 'மறக்கப்பட்ட நகரம்' என்ற பொருள்படும் பெயரில் ஸ்கைரிமுக்கு ஒரு சேர்க்கையை எழுதினார். அதன் கதையமைப்புக்காக 2016இல் அந்நாட்டு எழுத்தாளர் சங்கத்தின் விருது அவருக்குக் கிடைத்தது. 2021இல் அது தனியொரு விளையாட்டாகவே வெளிவந்தது.

கரும்பலகைச் சிக்கல்

ஒரு சேர்க்கையைப் பொருத்துவது இலகு. நானூறைப் பொருத்துவதுதான் கடினம். எமது பெறாமகன் முதன்முதலாகக் கையால் பொருத்த முயன்றபோது ஒரு கோடை விடுமுறை முழுவதும் அதிலேயே கழிந்ததாம். இறுதியில் விளையாட்டைத் தொடங்கியதும் திரை கறுத்து அணைந்துவிட்டது.

காரணத்தை அவன் விளக்கியபோது எமக்குப் பாடசாலைக் கரும்பலகையே நினைவுக்கு வந்தது. கணித ஆசிரியர் எழுதியதை அழிக்காமல் அதன் மேலேயே சமய ஆசிரியரும் எழுதினால் கடைசியாக எழுதியதே கண்ணுக்குத் தெரியும். இங்கும் அப்படியே. இரண்டு சேர்க்கைகள் ஒரே ஊரின் ஒரே வீட்டை மாற்ற முனைந்தால், பின்னர் ஏற்றப்பட்டதே நிலைக்கும். ஆகவே எது முன், எது பின் என்ற ஒழுங்கு முக்கியம். ஒன்று மற்றொன்றை நம்பியிருக்கும். அது இல்லாவிடில் இது இயங்காது. இன்னும் சில, விளையாட்டின் குறிப்பிட்ட பதிப்புக்கு மாத்திரமே பொருந்தும். 2021 நவம்பரில் விளையாட்டின் புதிய பதிப்பு வந்தபோது, அதுவரை நன்கு இயங்கிய பல சேர்க்கைகள் ஒரே நாளில் செயலிழந்தன. அத்துடன், வழமையான வகைச் சேர்க்கைக் கோப்புகளில் ஏறக்குறைய 250ஐ மட்டுமே விளையாட்டு ஏற்கும் என்ற எல்லையும் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஈரிலக்கக் குறியீடு ஒன்று வழங்கப்படுவதே இதற்குக் காரணம். 'இலேசான' கோப்புகள் என ஒரு வகையைப் பின்னர் அனுமதித்ததால் அந்த நெருக்கடி ஓரளவு தணிந்தது.

இவற்றையெல்லாம் ஒருவர் மாதக்கணக்கில் சோதித்து, எது எதனுடன் ஒத்துப்போகும் என்று கண்டறிந்து, சரியான ஒழுங்கில் ஒரு தொகுப்பை அமைத்துவிட்டால், மற்றவர்களும் அதே பாட்டைப் படவேண்டுமா? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவையே தானியங்கிப் பொருத்தும் கருவிகள்.

சாமான் துண்டு

இவற்றுள் பெயர்பெற்ற ஒன்று 2019இல் வெளிவந்த 'வாபாஜாக்'. விளையாட்டில் வரும் மந்திரக்கோல் ஒன்றின் பெயர் அது. அந்தக் கோலை நீட்டினால் என்ன நடக்கும் என்று எவராலும் முன்கூட்டிக் கூற முடியாது. எப்போதும் ஒரே விளைவைத் தரவேண்டிய கருவிக்கு அந்தப் பெயரை வைத்தவர்களின் குறும்பை மெச்சத்தான் வேண்டும்.

"அப்படியானால் மற்றவர்களின் ஆக்கங்களை ஒரு மூட்டையாகக் கட்டி விநியோகிக்கின்றார்களா? அது களவுதானே?" என்று வினவினோம். சகோதரனின் அச்சமும் அதுவே. பெறாமகன் தலையை அசைத்தான்.

"இல்லைப் பெரியப்பா. மூட்டை இல்லை. லிஸ்ட் மட்டும்தான்."

அவன் கூறியதை நாம் விளங்கிக்கொண்ட விதம் இது. வீட்டில் பெரியவர்கள் கடைக்குப் போகும் பிள்ளையிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார்கள்: இன்ன கடையில் அரிசிமா, இன்ன கடையில் மரக்கறி, இன்ன கடையில் மீன். வாபாஜாக் தொகுப்பும் அவ்வாறான ஒரு துண்டே. தொகுத்தவர் சாமானைக் கொடுப்பதில்லை. எங்கு எடுக்க வேண்டும், எந்த ஒழுங்கில் வைக்க வேண்டும் என்று மாத்திரமே எழுதிக் கொடுக்கின்றார். கருவி ஒவ்வொரு சேர்க்கையையும் அது முறைப்படி வைக்கப்பட்டிருக்கும் இடத்திலிருந்தே தரவிறக்குகின்றது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஓர் அடையாள எண் உண்டு. இறங்கிய கோப்பின் எண் துண்டில் உள்ள எண்ணுடன் ஒத்துப்போகாவிடில் கருவி அதனை ஏற்பதில்லை. தொகுத்தவர் ஒரு கோப்பில் சிறு திருத்தம் செய்திருந்தால், திருத்தப்பட்ட வேறுபாடு மட்டுமே துண்டுடன் சேர்த்து அனுப்பப்படும். மூல விளையாட்டையோ பாவனையாளர் தாமே பணம் கொடுத்து வாங்கியிருக்க வேண்டும்.

சேர்க்கைகளில் பெரும்பாலானவை வைக்கப்பட்டிருக்கும் இடம் 'நெக்ஸஸ் மொட்ஸ்' என்னும் இணையத்தளம். 2001இல் ரொபின் ஸ்கொட் என்பவர் தொடங்கிய இத்தளம், எமது நாட்டின் தென்மேற்கே எக்ஸெற்றர் நகரில் வேரூன்றி வளர்ந்தது என்பது எமக்குப் புதிய செய்தி. அத்தளமும் 'தொகுப்புகள்' என்ற பெயரில் தனது சொந்த ஏற்பாட்டை 2021இல் அறிவித்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 'வோர்டெக்ஸ்' என்னும் அதன் கருவி அத்தொகுப்புகளைப் பொருத்துகின்றது.

ஆகவே எமது சகோதரனுக்கு அன்று நாம் கூறக்கூடியதாக இருந்தது இதுதான்: பிள்ளை களவெடுக்கவில்லை. கடைக்குத்தான் போய்வருகின்றான், கடைகள் மட்டும் நானூறு.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஆயினும் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. அவற்றைச் சுருக்கமாகத் தருகின்றோம்.

முதலாவது, இடம். பெரிய தொகுப்பொன்று நூறு கிகாபைற்றுக்கு மேற்பட்ட வன்தட்டு இடத்தை விழுங்கும். தரவிறக்கிய கோப்புகளுக்கு ஓரிடமும், பொருத்திய கோப்புகளுக்கு வேறோர் இடமும் வேண்டும். இணைய இணைப்பில் மாதாந்த எல்லை இருப்பின் தொடங்குமுன்னரே பார்த்துக்கொள்வது நன்று.

இரண்டாவது, பணம். நெக்ஸஸ் தளத்தில் கட்டணம் செலுத்தும் உறுப்பினருக்கே முழுமையான தானியங்கித் தரவிறக்கம் கிடைக்கும். மற்றவர்கள் ஒவ்வொரு கோப்புக்கும் தாமே விசையை அழுத்த வேண்டும். வேகமும் குறைவு. நானூறு தடவை அழுத்துவதைக் காட்டிலும் ஒரு மாதச் சந்தா செலுத்துவதே மேல் என்று பலர் முடிவெடுப்பதாக அறிகின்றோம். பிள்ளை கடன் அட்டை இலக்கத்தைக் கேட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகின்றதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, உள்ளடக்கம். கடையில் விற்கப்படும் விளையாட்டுக்கு வயதுச் சான்று உண்டு. தனிநபர்கள் ஆக்கும் சேர்க்கைகளுக்கு அவ்வாறான சான்று கிடையாது. சில தொகுப்புகளில் சிறுவர்களுக்கு ஒவ்வாதவை இருக்கும். பட்டியலை வாசித்த பின்னரே அனுமதியுங்கள்.

நான்காவது, ஒழுங்கு. விளையாட்டு தானாகவே புதிய பதிப்புக்கு மாறாதவாறு நிறுத்தி வைக்க வேண்டும். தொகுப்பின் விளக்கக் குறிப்பை முற்றாக வாசிக்க வேண்டும். பொருத்தி முடித்த தொகுப்பில் தம் விருப்பப்படி மேலும் பத்தைச் சேர்த்துவிட்டு, இயங்கவில்லை என்று தொகுத்தவரைக் குறைகூறுவது முறையன்று.

தூக்குமரமாகிய துலா

இவ்வளவும் கேட்டுவிட்டு எழும்ப முனைந்தபோதுதான், "பெரியப்பா, இன்னொண்டு காட்டோணும்" என்றான்.

திரையில் பனிக்காற்று வீசும் சிறிய ஊர் ஒன்று தோன்றியது. மரவீடுகள், ஓடும் ஆறு, மரக்காலை. அவ்வூரின் கோடியில், ஒரு வீட்டின் பின்புறத்தில், ஒரு கிணறு. கிணற்றருகே ஆடுகால். அதன் மேலே நீண்ட துலா. துலாவின் நுனியிலிருந்து தொங்கும் கொடி. கொடியின் முனையில் பனையோலைப் பட்டை.

நாம் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அது எமது வீட்டுக் கிணறு.

எமது தாயார் வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர். 1990 யூன் மாதத்தில் அப்பகுதி மக்களுடன் இடம்பெயர்ந்தவர், மீண்டும் தமது வீட்டுக்குத் திரும்பவே இல்லை. காணி பல்லாண்டுகள் உயர்பாதுகாப்பு வலயத்துள் இருந்தது. விடுவிக்கப்பட்ட பின்னர் உறவினர் ஒருவர் சென்று பார்த்தார். வீடு இருந்த இடம் தரைமட்டமாகவும், கிணறு மண்மூடியும் கிடந்ததாகக் கூறினார். துலாவின் அடையாளம் எஞ்சியிருப்பது ஒரேயொரு புகைப்படத்தில்தான். எமது சிறிய தாயாரின் திருமணத்தன்று எடுத்த படத்தில், மணமக்களுக்குப் பின்னே, மங்கலாக.

டூட்டிங்கில் வாழ்ந்த கடைசி ஆண்டுகளில் தாயார் பேரனிடம் அந்தக் கிணற்றைப் பற்றி அடிக்கடி பேசியிருக்கின்றார். எமக்குத் தெரியாது. அவர் மறைந்த பின்னர் பையன் அந்தப் படத்தையும் கேட்ட கதையையும் வைத்துக்கொண்டு மூன்று மாதம் முயன்று அதை உருவாக்கி, நெக்ஸஸ் தளத்தில் ஒரு சிறு சேர்க்கையாக வைத்திருக்கின்றான். பெயர், 'ஒரு கிணறு'. விளக்கம் ஒரே ஒரு வரி.

அதனை எவரோ ஒருவர் தமது தொகுப்பில் சேர்த்துக்கொண்டார். அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. தொகுப்பு என்பது துண்டுதானே. சாமான் இருக்கும் இடத்தைச் சுட்டினால் போதும். அதன் பின்னர் ஒருநாள், வேறொரு நாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அந்தத் தொகுப்பைப் பொருத்தி விளையாடும் காணொளியை இவன் பார்க்க நேர்ந்தது. அந்த இளைஞர் கிணற்றருகே வந்து நின்றார். மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன, தூக்குமரமா?" என்று சிரித்தார். தொகுப்போடு வந்த ஏதோ ஒன்று என்று கூறிவிட்டு அப்பால் நடந்தார்.

"அப்பம்மான்ரை கிணத்தைத் தூக்குமரம் எண்டிட்டான், பெரியப்பா."

அன்றிரவே அதனைத் தளத்திலிருந்து அழித்துவிட முயன்றானாம். முடியவில்லை.

2021இல் எழுந்த பிணக்கு

ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

சேர்க்கைகளை ஆக்குவோர் பணத்துக்காக ஆக்குவதில்லை. 2015 ஏப்ரலில் 'ஸ்ரீம்' என்னும் விற்பனைத் தளத்தில் ஸ்கைரிம் சேர்க்கைகளை விலைக்கு விற்கும் திட்டம் ஒன்று அறிமுகமானது. ஆக்கியவருக்கு விலையில் நூற்றுக்கு 25 பங்கே உரியது. எதிர்ப்பு அலைமோதியதால் சில நாட்களிலேயே அது கைவிடப்பட்டது. நெக்ஸஸ் தளத்திலோ 2018 முதல் தரவிறக்கங்களின் அளவைக் கொண்டு ஆக்கியோருக்கு ஒரு சிறு தொகை புள்ளிகளாகப் பகிரப்பட்டு வந்தது. ஆயினும் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் ஊதியம் இரண்டுதான்: தம் பெயர், தம் ஆக்கத்தின் மேல் தமக்கிருக்கும் உரிமை.

2021 யூலையில் அந்தத் தளம் ஓர் அறிவித்தல் விடுத்தது. இனிமேல் ஆக்கியவர் தமது கோப்பினை முற்றாக அழிக்க முடியாது. பொதுப் பார்வையிலிருந்து விலக்கிப் பழஞ்சேமிப்பில் வைக்கலாம். தொகுப்பொன்று அதனைச் சுட்டியிருந்தால் அக்கோப்பு தொடர்ந்தும் கிடைத்துக்கொண்டிருக்கும். உடன்படாதவர்கள் தமது ஆக்கங்கள் அனைத்தையும் நீக்குமாறு கோருவதற்கு ஏறக்குறைய ஒரு மாத அவகாசம் வழங்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் உழைத்த பலர் மனம்நொந்து தம் ஆக்கங்களுடன் வெளியேறினர்.

தளத்தின் நியாயமும் புறக்கணிக்கத்தக்கதன்று. நானூறு கோப்புகள் கொண்ட தொகுப்பில் ஒருவர் கோபித்துக்கொண்டு ஒன்றை உருவினால், பல சமயங்களில் முழுவதுமே சரிந்துவிடும். ஒருவரின் உரிமையா, ஆயிரம் பேரின் பயனா என்பதே வழக்கு.

இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எம்மால் உடனே கூற இயலவில்லை. ஆக்கியவரின் வலி எமக்குத் தெரியும். ஊரில் உயர்தர வகுப்புக்கு நாம் எழுதிய வரலாற்றுக் குறிப்புகளை ஒரு தனியார் கல்வி நிலையம் எமது பெயரை நீக்கிவிட்டு அச்சிட்டு விற்றது. மாணவர் பயனடைந்தனர் என்பது உண்மை. அந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது நெஞ்சில் தைத்ததும் உண்மை.

ஆனால் மறுபக்கமும் எமக்குத் தெரியாததன்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றுள் இருந்தன. 2005 முதல் நூலகம் எண்ணிம நூலகம் எமது பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் தேடித் தேடி இணையத்தில் சேமித்து வருகின்றது. ஒரேயொரு பிரதியை நம்பியிருந்து இழந்த சமூகம், "எதையும் அழிக்காதீர்கள்" என்ற குரலை எளிதில் தள்ளிவிட முடியாது. துலாக் கிணறு ஒன்றும் இன்று எஞ்சியிருப்பது அந்த யாரோ ஒருவரின் தொகுப்பிலும் அல்லவா?

தொகை நூல்களின் முறை

தமிழருக்குத் தொகுப்பு என்பது புதிய கலையன்று. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் உக்கிரப் பெருவழுதி. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் கூடலூர் கிழார். இவர்களும் ஒழுங்குவிதி வைத்தே தொகுத்தனர். அகப்பாடல்களுள் குறுகியவை குறுந்தொகைக்கு, இடைப்பட்டவை நற்றிணைக்கு, நெடியவை அகநானூற்றுக்கு என்று அடியளவு நோக்கிப் பகுத்தனர். புலவர்களிடம் அனுமதி கேட்டிருக்க வழியில்லை. பலர் அப்போது உயிருடன் இருந்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் ஒன்றைச் செய்தார்கள். பாடலோடு பாடியவர் பெயரையும் பேணினார்கள். பெயர் அறியப்படாத இடத்து, அவர் பாடிய பாட்டின் சொற்றொடர் ஒன்றையே பெயராக வழங்கும் மரபு எழுந்தது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்போர் அவ்வாறு பெயர் பெற்றவர்களே. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. ஆயினும் இந்தப் பாட்டை ஒரு மனிதர் பாடினார் என்ற உண்மை மறையவில்லை.

பிற்காலத்தில் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோதும், சுவடிகளைத் தேடியலைந்து பெற்றே அதனைச் செய்தார். காப்பாற்றுவதும் கடமை, யாருடையது என்று கூறுவதும் கடமை. ஒன்றுக்காக மற்றதைக் கைவிட வேண்டியதில்லை என்பதே இவர்களிடமிருந்து நாம் கற்பது.

இன்றைய கருவிகளிலும் பெயர் இல்லாமல் இல்லை. தொகுப்பின் பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு சேர்க்கையும் ஆக்கியவரின் பெயருடன் இருக்கும். கருவி பெயரை மறைக்கவில்லை. ஆனால் ஒரே இரவில் நானூறையும் இறக்கித் தருவதால் அதனை வாசிக்க வேண்டிய தேவையை இல்லாமற் செய்துவிடுகின்றது. முன்னர் ஒவ்வொன்றையும் தேடிப் போனவன் போகும் வழியில் ஆக்கியவரின் குறிப்பை வாசித்தான். நன்றி எழுதினான். இன்று சாமான் தானாகவே வாசலுக்கு வருகின்றது. கடைக்காரரின் முகம் தெரிவதில்லை.

இதனைக் கூறிவிட்டு எமது பெறாமகனிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "நீ பொருத்தியிருக்கும் நானூறில் எத்தனை பேரின் பெயர் உனக்குத் தெரியும்?"

அவன் யோசித்தான். இரண்டு பெயர்களைக் கூறினான். பின்னர் மௌனமாகிவிட்டான். மறுவாரம் சென்றபோது பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தான். விளையாட்டில் வரும் மழையை மட்டும் திருத்தியவர் ஒருவர், கதவுகளின் ஓசையை மட்டும் திருத்தியவர் இன்னொருவர் என்று எமக்கும் காட்டினான்.

துலாவின் கல்

கிணற்றை அழிக்க முடியாது என்ற நிலையில் அவனால் செய்யக்கூடியவை எவை என்று இருவரும் அமர்ந்து ஆராய்ந்தோம். ஆக்கத்தின் விளக்கத்தை மாற்றுவது அவனது கையில் உண்டு. ஆகவே ஒரு வரி இருந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதினான். இது எந்த ஊர்க் கிணறு, துலா என்றால் என்ன, ஆடுகால் எது, பட்டை எதனால் செய்யப்படுவது, வாய்க்காலுக்கு நீர் இறைக்கும்போது ஒருவர் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடப்பது எதற்கு என்பதை எல்லாம் நாம் சொல்லச் சொல்ல அவன் ஆங்கிலத்தில் எழுதினான். உறுப்புகளின் பெயர்களைத் தமிழ் எழுத்திலும் இட்டான்.

விளையாட்டினுள்ளும், கிணற்றருகே திறந்து வாசிக்கக்கூடிய சிறிய நூல் ஒன்றை வைக்க விரும்பினான். விளையாட்டில் உள்ள எழுத்துருவில் தமிழ் இல்லை. ஆகவே அந்நூலில் 'துலா' என்பதை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. நூலின் கடைசி வரியில் அப்பம்மாவின் ஊர்ப்பெயர்.

புதிய பதிப்பைத் தளத்தில் ஏற்றினாலும், அந்தத் தொகுப்பு பழைய பதிப்பையே சுட்டிக்கொண்டிருக்கும். தொகுத்தவர் தமது துண்டைத் திருத்தினால்தான் நூல் மற்றவர்களைச் சென்றடையும். அவருக்கு ஒரு கடிதம் எழுதியுள்ளான். கோபமில்லாத, நான்கு வரிக் கடிதம். இக்கட்டுரை எழுதப்படும்வரை மறுமொழி வரவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை இரவிரவாக எதையோ தரவிறக்குகின்றான் அல்லது தரவிறக்குகின்றாள் என்றால், மின்சாரத்தை நிறுத்துவதற்கு முன்னர் அருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமருங்கள். என்ன பொருத்துகின்றாய், அதனை யார் செய்தார் என்று கேளுங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் பிள்ளையின் பெயரே இருக்கவும் கூடும்.

அன்று விடைபெறுமுன் மீண்டும் ஒருமுறை அந்தக் கிணற்றைப் பார்த்தோம். ஏதோ ஒன்று குறைவதாக மனம் உறுத்தியது. பின்னரே விளங்கியது. துலாவின் அடிப்புறத்தில் பாரத்துக்காகக் கட்டப்படும் கல் அங்கு இல்லை. புகைப்படத்தில் அந்தப் பகுதி மணமகனின் தோளுக்குப் பின்னே மறைந்திருந்தது.

"கல் இல்லாவிட்டால் பட்டை மேலே வராது, தம்பி" என்றோம்.

"எவ்வளவு பெரிய கல்லுப் பெரியப்பா?"

கையை விரித்துக் காட்டினோம். அவன் மீண்டும் கணனியின் முன் அமர்ந்தான்.